ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த நீலம்

நீலக்கல் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். "மூணு நாள் கையில கட்டிப் பாத்துட்டு, ஒத்துக்கலேன்னா திருப்பித் தரலாம்ல?" மாணிக்கத்துக்கோ மரகதத்துக்கோ இப்படி யாரும் விசாரணை வைப்பதில்லை. பாவப்பட்ட நீலத்துக்கு மட்டும்தான் இந்த மூன்று நாள் காவல். அது சனி பகவானின் கல். பிடித்தால் தூக்கிவிடும், பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிடும் என்பது நம் ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரியும். நான் நகை வடிவமைக்கிறவள். தங்கத்தை விட நிறக்கல்லின் மேல்தான் எனக்குக் கிறுக்கு. அபூர்வமாய் ஒரு ஸ்பினலோ டூர்மலினோ வந்தால் அன்றைக்குச் சாப்பாடு மறந்துபோகும். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களோடு வாதாடுவதில்லை. பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, "இந்த மூணு நாள்ல வீட்டுல எது நடந்தாலும் கல்லு மேல பழி போடாதீங்க" என்று மட்டும் சொல்வேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். எனக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை.

நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது போடியில் எங்கள் வீட்டுக்கே ஒரு நீலம் சோதனைக்கு வந்தது.

அப்பா ஜீப்பு ஓட்டினார். விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்குப் போவார். சாயங்காலம் அவர்களையே இறக்கிக்கொண்டு வருவார். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை இங்கே எழுதினால் இப்போதுகூட யாராவது வழக்குப் போடுவார்கள். அம்மா காய் பொறுக்கினாள். கடையிலிருந்து ஏலக்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல பச்சை ஒரு குவியல், வெளுத்தது ஒரு குவியல், வெடித்ததும் கறுத்ததும் ஒரு குவியல் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்குக் கண் பழகியது. பச்சையில் எத்தனை பச்சை இருக்கிறது என்பது எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நிறத்தின் மேல் எனக்கு அப்போதே பைத்தியம். உடைந்த வளையல், சோடா பாட்டில் சில்லு, கொட்டகுடி ஆற்றுக் கூழாங்கல் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அதில் பாதி அப்பாவின் உபயம். ஒர்க் ஷாப்பில் எந்த வண்டியின் பின்விளக்கு உடைந்தாலும் அந்தச் சிவப்புச் சில்லைத் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். "குப்பையப் பொறுக்கிக் குடுத்துப் பிள்ளையக் கெடுக்குறீக" என்று அம்மா திட்டுவாள். அவர் பாட்டுக்கு இண்டிகேட்டர் மஞ்சளைத் தேடிப் போய்க்கொண்டிருப்பார்.

அந்த வருடம் அப்பாவுக்கு நேரம் சரியில்லை. கியர்பாக்ஸ் போனது. அதைச் சரிபண்ணி ஓட்டிய வாரமே மலையடிவாரத்து முந்தல் பக்கம் ஒரு பஸ் உரசிக் கதவு போனது. லோடு கட்டும்போது கயிறு அறுந்து கை எலும்பு விட்டது. இதையெல்லாம் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். சிலமலையில் விவசாயம். எங்கள் வீட்டில் ஒரு தட்டு உடைந்தாலும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிற மனிதர். ஜோசியரிடம் அவருக்கு இருந்த நம்பிக்கை தன் வெள்ளாமையின் மேல்கூட இருந்ததில்லை. அப்பாவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று அவரே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு, மதுரைக்கு பஸ்சு ஏறி, தெரிந்த கடையில் ஒரு நீலத்தைச் சோதனைக்கு வாங்கி வந்துவிட்டார். மதுரையிலிருந்து போடி வரும்வரை சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லையாம்.

சனிக்கிழமை காலையில் அதைப் பாலில் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நீலத்துணியில் முடிந்து அப்பாவின் வலது புஜத்தில் கட்டினார்கள். மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது, கறி தின்னக் கூடாது. நல்லது நடந்தால் மோதிரமாகப் போட்டுக்கொள்ளலாம். கெட்டது நடந்தால் கடைக்கே திருப்பிவிட வேண்டும். கழுவும்போது நான் எட்டிப் பார்த்தேன். மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. கிண்ணத்துப் பாலுக்குள்ளிருந்து அந்த நீலம் மேலே வந்தபோது நான் கிண்ணத்துக்குள் முகத்தையே கொண்டுபோய்விட்டேன். அதுவரை பார்த்த எந்தச் சில்லுக்குள்ளும் அப்படி ஓர் ஆழம் இருந்ததில்லை. இன்றுவரை நல்ல கல்லைப் பார்த்தால் அதே மாதிரிதான் முகத்தைக் கொண்டுபோகிறேன்.

அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். "இருக்குற சீரழிவு பத்தாதாண்ணே? இது வேறயா?" என்றாள். அன்று சாயங்காலமே குக்கரின் குண்டு பறந்து போய் உத்தரத்தில் அடித்தது. அம்மா அப்பாவின் கையைப் பார்த்தாள். மாமாவோ, "கல்லு இருக்கப்போயி உத்தரத்துல அடிச்சிச்சு. இல்லேன்னா ஒந்தலையிலல்ல அடிச்சிருக்கும்" என்றார். ஞாயிறு காலை கேஸ் தீர்ந்தது. அது எந்தக் கல்லும் இல்லாமலே மாதாமாதம் தீர்வதுதான். அதற்கும் இருவரிடம் இரண்டு தீர்ப்பு இருந்தது.  ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட வைப்பதுதான் சனியின் வேலை என்பது அப்பாவின் கட்சி.

அன்று மத்தியானம் அம்மா அசந்திருந்த நேரத்தில் நானும் அப்பாவும் மொட்டை மாடிக்குப் போனோம். நான் இரண்டு நாளாக அவரை அரித்துக்கொண்டிருந்தேன், ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று. கடைசியில் அவர் முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தேன். நீலம். விரலால் உருட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். நீலத்தைக் காணோம். வெளுத்த ஏலக்காய்த் தோல் மாதிரி ஒரு மங்கல் மஞ்சள். மறுபடி திருப்பினால் நீலம் அங்கேயே இருந்தது.

அப்படியே அவரிடம் நீட்டினேன். அப்பா வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா, ரெண்டு மூஞ்சிக் கல்லு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கல்லை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்பப் பிடிச்சிருக்காத்தா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "அம்மாட்ட மூச்சு விட்றாத. நெறம் மாறுதுன்னு தெரிஞ்சா இன்னைக்கே கல்லைக் கொண்டுபோயி ஆத்துல போட்ருவா" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார்.

அது நீலமே இல்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அயோலைட் என்று ஒரு கல். கரூர்ப் பக்கம்கூடக் கிடைக்கிறது. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் காட்டுவது அதன் பிறவிக் குணம். மதுரைக் கடைக்காரர் தெரிந்து கொடுத்தாரோ தெரியாமல் கொடுத்தாரோ, எங்கள் வீட்டில் மூன்று நாளும் சனி பகவான் இல்லவே இல்லை. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்கு நீலம்தான். பயமும் நம்பிக்கையும் எல்லாம் அசல்.

திங்கட்கிழமை விடியலில் அப்பா என்னைத் தட்டி எழுப்பினார். அம்மா அடுப்படியில் தூக்குவாளியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே தூறல். அப்பா என் பள்ளிக்கூடப் பையைத் திறந்து, ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து, காம்பஸுக்குப் பக்கத்தில் கல்லை வைத்து மூடினார். அவர் புஜத்தில் நீலத்துணி முடிச்சு அப்படியே இருந்தது. நான் முழித்தேன்.

"இது ஒங்கிட்டயே இருக்கட்டும். கல்லு ஏங்கிட்ட இல்லேன்னு ஒனக்குத் தெரியும். அத மட்டும் மறந்துறாத" என்றார்.

ஒரு நாள் முழுக்கக் கல் எனக்கே எனக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் போனதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "போயிட்டு வர்றேன்" என்ற குரல் கேட்டது. ஜீப்பு கிளம்புகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே மலை மறைந்துவிட்டது. போடியில் மலை கண்ணுக்குத் தெரியாமல் போனால் மேலே கொட்டுகிறது என்று அர்த்தம். மதியத்துக்கு மேல் எங்களை வீட்டுக்கு விட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது வாசலில் மாமாவின் பைக் நின்றது. உள்ளே அம்மா காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா செல்போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மலையில் டவர் கிடையாது. கிடைக்காது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டிருந்தார்.

மேலே பாறை சரிந்து ரோட்டை அடைத்துவிட்டது, ஒரு ஜீப்பு பள்ளத்தில் போய்விட்டது என்று சேதி வந்திருந்தது. யாருடைய ஜீப்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாமா முந்தல் வரை போய்ப் பார்த்திருக்கிறார். போலீஸ் மேலே விடவில்லை.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் பச்சைக் காயை எடுத்து வெளுத்த குவியலில் போட்டாள். கறுத்ததை எடுத்துப் பச்சையில் போட்டாள். என் அம்மா அப்படிப் போட்டு நான் பார்த்ததே இல்லை. நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சரியான குவியலில் வைத்துக்கொண்டிருந்தேன். பாறையை விட, ஜீப்பை விட, அந்தத் தப்பான குவியல்தான் என்னைப் பயமுறுத்தியது.

மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒண்ணும் ஆகாது. மாப்ள கையில நீலம் இருக்கு. அது காப்பாத்தும்" என்றார்.

அம்மா கையை நிறுத்தினாள். "அதாண்ணே கொண்டுபோச்சு" என்றாள். குரல் உயரவே இல்லை. "நல்லா இருந்த மனுசன் கையில எமனக் கட்டிவிட்டுட்ட. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ இந்த வாசல மிதிக்காத. எனக்கு அண்ணனே இல்லேன்னு நெனச்சுக்கிறேன்."

மாமா சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். துண்டு குலுங்கியது. பெரிய ஆம்பளை அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

என் மடியில் பள்ளிக்கூடப் பை இருந்தது. பைக்குள் பாக்ஸ், பாக்ஸுக்குள் கல். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், கல் அப்பாவிடம் இல்லை என்று. அம்மா சொல்வது சரியென்றால் அப்பா தப்பித்துவிட்டார். மாமா சொல்வது சரியென்றால், அப்பாவைக் காப்பாற்ற வேண்டியதை நான் இங்கே காம்பஸுக்குப் பக்கத்தில் அடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டில் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாற்றி மாற்றி நினைத்துத் தலை சுற்றியது. சொல்லாதே என்று அப்பா சொன்னாரா? நிறம் மாறுவதைத்தான் சொல்லாதே என்றார். இதை மறந்துவிடாதே என்றுதான் சொன்னார். மாமாவின் துண்டைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"கல்லு அப்பாகிட்ட இல்ல" என்றேன். பாக்ஸைத் திறந்து காட்டினேன்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவா? மேல இல்லையா? அவரு கையில இல்லையா?" நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முழு மூச்சு விட்டது கேட்டது. அதே நேரம் மாமா துண்டை எடுத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "என்னாத்தா சொல்ற? வெறுங்கையோடயா மலை ஏறுனாரு?" என்று எழுந்துவிட்டார். ஒரே சேதிதான். அதுவரை பயந்தவளுக்குத் தெம்பு வந்தது, தெம்பாக இருந்தவருக்குக் குலை நடுங்கியது.

அந்தத் தெம்பும் நிலைக்கவில்லை. அம்மா என் கையையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இந்தச் சனியன் காலையிலருந்து எம்பிள்ளை கையிலயா இருந்துச்சு? கொண்டா. சாக்கடையில போடு, வெரசா" என்றாள். "போட்றாத தாயி, சாமி படத்துக்கு முன்னால வை, ஒங்கப்பன் பேரச் சொல்லி வை" என்று மாமா குறுக்கே வந்தார். இருவரும் என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

நான் கல்லை எடுத்து மூடிக்கொண்டேன். "அப்பா என்னையத்தான் வச்சிருக்கச் சொன்னாரு" என்றேன். அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை.  நான் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பிடித்திருப்பதால்தான் அப்பா அங்கே செத்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைப்பு வந்தது. விட்டால் செத்துவிடுவாரோ என்றும் வந்தது. அந்தச் சாயங்காலம் எனக்கு இருந்த பயத்தை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

தெருவிளக்கு எரிந்த பிறகு அப்பா வந்தார். முழங்கால் வரை சேறு, செருப்பு இல்லை. ஜீப்பை மேலேயே விட்டுவிட்டு, பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு பழைய கழுதைப் பாதை வழியாக இறங்கி, முந்தலில் ஒரு டெம்போ பிடித்து வந்திருக்கிறார். அம்மா அழவில்லை. நேரே போய் அவர் சட்டைக் கையைச் சுருட்டி, அந்த நீலத்துணி முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். உள்ளே ஒரு ஏலக்காய் இருந்தது. மழையில் ஊறிப் பருத்திருந்தது. அம்மா அதைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தாள். "எட்டு எம்.எம். காய். மொதத் தரம்" என்றாள், தினமும் சொல்கிற அதே குரலில். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளத்தில் போன ஜீப்பு அப்பாவின் கூட்டாளியுடையது. தேவாரம் ஊர்க்காரர். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கடலைமிட்டாய் கொண்டுவருவார். ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வந்ததால் அவர் ஒருவரோடு போயிற்று. அவர் விரலில் பவள மோதிரம் உண்டு. அந்தப் பவளத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா என் முன்னால் உட்கார்ந்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கல் உள்ளங்கையில் பள்ளம் பதித்திருந்தது. அதைத் தடவிவிட்டு, "கல்லு என்ன பண்ணும், பாவம்" என்றார். மறுநாள் மாமா அதை மதுரைக்குத் திருப்பிக் கொண்டுபோனார். கல் இல்லாததால்தான் தப்பித்தார் என்று அம்மாவும், மூன்று நாள் வீட்டில் இருந்ததால்தான் தப்பித்தார் என்று மாமாவும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் தங்கை உறவுக்கு ஒரு குறையும் வரவில்லை. நான் மட்டும் கல் போனதற்காக இரண்டு நாள் அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் என்னைக் கொஞ்சினார்கள்.

போன மழைக்காலத்தில் முதல் தடவையாக நானே காரை ஓட்டிக்கொண்டு போடிமெட்டு ஏறினேன். ஒரு வளைவில் முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. மேலே பாறை, கீழே வெள்ளை மேகம். வீட்டில் விட்டுவந்த என் மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கிளம்பும்போது அவளிடம் என்ன சொன்னேன் என்று யோசித்தேன். அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை விடியல் எனக்கு விளங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தி, அழுதேன்.

அந்த ரோட்டில் ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் தெரியும், இன்றைக்குத் திரும்பாமல் போகலாம் என்று. அன்று அவர் திரும்பாமல் போயிருந்தால் ஊரே அந்தக் கல்லைத்தான் சொல்லியிருக்கும். அதை நம்பி ஆயுசுக்கும் நான் நீல நிறத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அதனால்தான் தூக்குவாளியை வாங்குமுன் வந்து, கல்லை என்னிடம் கொடுத்து, அது தன்னிடம் இல்லை என்பதற்கு என்னையே சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஒரு கல்லைக் கொடுக்கத்தான் எழுப்பினார் என்று நான் நினைத்துக்கொண்டு, அவர் தெருமுனை திரும்புவதைக்கூடப் பார்க்காமல் பாக்ஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.